ஐயாவின் பற்றரி

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. எங்கள் ஊரான நீர்வேலியில் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லைற் போவதும் வருவதும் பழகியதுதானே. இந்த முறை போனது வரவில்லை. பின்னால் பொருளாதாரத் தடை வந்தது. சீமெந்து, உரம், பெற்றோல் என்று நீண்ட தடைப்பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. கடைசி நான்கு பற்றரியும் இறங்கிவிட்டால் பிபிசி தமிழோசை கேட்க முடியாது, ஊருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது என்பதுதான் பற்றரி பற்றி நான் படித்த முதற் பாடம். இன்றைக்கும் சுவர்க்கடிகாரத்துப் பழைய பற்றரியைக் குப்பையில் போட எனக்குக் கை வராது.

ஐயா வாழைத்தோட்டக்காரர். கதலியும் இதரையும் வைத்து, செம்மண்ணோடு காலம் கழித்தவர். மின்சாரத்தில் அவருக்கு இருந்த ஒரே அக்கறை தண்ணீர் இறைக்கும் மோட்டர். அது நின்று, மண்ணெண்ணெய் மிசினும் எண்ணெய் விலையால் நின்று, துலா மிதிக்கிற காலம் திரும்பியது. அந்த மனிதர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பற்றரி வைத்தியரானார். செத்த பற்றரியை எழுப்பும் வித்தைகள் அப்போது ஊர் முழுக்கப் பரவியிருந்தன. முதல் வித்தை வெயில். கிணற்றடிச் சீமெந்துத் தரையில் மத்தியானம் அடுக்கி வைத்தால் இரவுச் செய்தி கேட்கிற அளவுக்கு உயிர் வரும். வெயில் காணாத மாரியில் சுடுதண்ணீரில் அவித்தார்கள். அதற்கும் மசியாத பற்றரிக்கு அடிப்பக்கம் ஆணியால் துளை போட்டு, உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, மெழுகு உருக்கி அடைத்தார்கள். துத்தநாகக் குவளை, நடுவில் கரித்தண்டு, அதைச் சுற்றி மங்கனீசு ஈரொக்சைட்டுக் கரும்பொடி, இடையில் நவச்சாரப் பசை. அந்தப் பற்றரி இவ்வளவுதான். பசை காய்ந்தால் மின்சாரம் தடைப்படும். ஈரமும் சூடும் கொஞ்ச நேரத்துக்குத் தடையை நீக்கும். உயர்தர வகுப்பில் இரசாயன ஆசிரியர் இதை விளக்கியபோது வகுப்பில் பாதிப் பேர் சிரித்தோம். எல்லாரும் வீட்டில் செய்துவிட்டு வந்தவர்கள்.

றேடியோவுக்கு 6 வோல்ற் வேண்டும். புதுப் பற்றரி என்றால் நான்கு போதும். முக்கால் வோல்ற்றுக்கு இறங்கியவை என்றால் எட்டு வேண்டும். அந்த எட்டையும் அப்பியாசக் கொப்பி மட்டையைச் சுருட்டிய குழாய்க்குள் வரிசையாகச் செருகி, இரண்டு முனையையும் பழைய சைக்கிள் ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டி, வயரால் றேடியோவுக்கு இணைப்போம். அதுவும் ஓய்ந்துபோனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவது. டைனமோ தருவது திசை மாறுகிற மின்சாரம் என்பதால் உடைந்த ரீவியிலிருந்து கழற்றிய டயோட்டுகளை இடையில் போட வேண்டும். பெடல் சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். வெரித்தாஸ் வானொலிக்காக அந்தப் பெடலை நான் சுற்றிய இரவுகள் பல. அதற்குக் கூலியாக, செய்தி முடிந்தபிறகு ஒரு பாட்டுக் கேட்க விடுவார் ஐயா.

அந்த வருடங்களில் வீட்டில் மூன்று சட்டங்கள் இருந்தன. பற்றரியைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு புதுச்சோடி கிடைத்தால் அதைத் தொடாமல், நிரம்பியது நிரம்பியபடி, அவசரத்துக்கென்று அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். பாவிக்காதபோது பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும். மூன்றாவது சட்டத்துக்கு 1996இல் சாட்சி கிடைத்தது. 1995 ஐப்பசியில் வலிகாமமே கிளம்பித் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால், வீட்டு இடிபாட்டுக்குள் ஒரு ரோர்ச் கிடந்தது. உள்ளே இருந்த பற்றரிகள் கசிந்து, துத்தநாகம் அரித்து, குழாயோடு ஒட்டிக் கல்லாகியிருந்தன. சுத்தியலால் தட்டியும் வெளியே வரவில்லை.

1991இல், நாங்கள் கிணற்றடியில் பற்றரி காயப்போட்டுக்கொண்டிருந்த அதே வருடம், யப்பானில் சோனி நிறுவனம் முதல் லித்தியம் அயன் பற்றரியை விற்பனைக்கு விட்டது. அதற்கு அடிப்படை போட்ட விற்றிங்காம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. செய்தியை நான் கைபேசியில் படித்தேன், அவர்களுடைய பற்றரியின் தயவில்தான். ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தொண்ணூற்றொண்டிலை இருந்திருந்தால் எங்களுக்கு ஒண்டு அனுப்பியிருக்கலாமே" என்றார்.

அந்த லித்தியம் எங்கள் வீட்டுக்குள் விளையாட்டுச் சாமானாகத்தான் முதலில் காலடி வைத்தது. கைபேசிக்குள் இருப்பதை நாங்கள் பற்றரி என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு மார்கழி விடுமுறைக்கு வந்தபோது றிமோட்டில் ஓடுகிற வேகப்படகு ஒன்றைக் கொண்டு வந்தான். அதற்கென்று மூன்று லித்தியம் பொலிமர் பற்றரிகளை, முனைகளுக்கு ரேப் ஒட்டி, கைப்பைக்குள் வைத்திருந்தான். விமானத்தில் உதிரி லித்தியத்தைக் கைப்பொதியில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது என்பது விதி. அவனுடையது ஒவ்வொன்றும் மூன்று கலம், 11.1 வோல்ற், 2200 மில்லி அம்பியர் மணி. கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 24 வாற் மணி சொச்சம். 100க்கு உட்பட்டதால் தடையில்லை. பற்றரியைத் தடைப்பட்டியலுக்குப் பயந்து மறைத்துக் கொண்டு வந்த காலத்தை அறிந்த அக்கா, பலாலி வீதியில் வாகனம் வரும்போதே "எல்லாம் பத்திரமாய் இருக்கே?" என்று மகனைக் கேட்டுக்கொண்டு வந்தாளாம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழை கிணற்றில்தான் தலை காட்டும். படகு விட வேண்டுமென்றால் மாரிக்குக் காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வாய்க்கால் தரவைப் பக்கம் தேங்கி நிற்கும் வெள்ளம் தை கழிய வற்றத் தொடங்கும். கோயில் கேணியில் விட மருமகனுக்கு ஆசைதான். குளிக்க வந்த ஆச்சி ஒருவர் பார்த்த பார்வையில் படகை வாரி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தரவை பொது இடம், முழங்கால் தண்ணீர், ஆச்சிகள் இல்லை.

முதல் நாளே ஐயாவுக்கும் பேரனுக்கும் வாக்குவாதம். படகு தரவையில் நாலைந்து சுற்று அடித்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போதே றிமோட்டில் மணி அடித்தது. அவன் கரைக்குத் திருப்பிவிட்டான்.

"உதென்ன, பாதியிலை நிப்பாட்டுறாய்? இன்னும் ஓடுமெல்லோ?"

"ஓடும் அம்மப்பா. ஓட விட்டால் பற்றரி பழுதாப்போம்."

"ஓடுறதுக்குத்தானே ராசா பற்றரி?"

பேரனிடம் அதற்கு விடை இருந்தது. நிரம்பிய லித்தியக் கலம் 4.2 வோல்ற். 3 வோல்ற்றுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. போனால் உள்ளே மீளாத சேதம் தொடங்கும். மிக ஆழமாக இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கி, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது ஆபத்தாகவும் முடியலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவையால் வோல்ற் விழும், நிறுத்தினால் கொஞ்சம் எழும். அதனால் நூற்றில் எண்பது பங்குதான் எடுப்பது, அதாவது 2200இல் 1760. எத்தனை நிமிடத்தில் அவ்வளவு தீரும் என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் றிமோட்டில் மணி வைப்பது. படகுக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. றிமோட் கார் நின்றால் நடந்து போய் எடுக்கலாம். படகு நின்றால் நீந்த வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஐயா சொன்னார்: "அப்ப இருவது பங்கை ஆருக்குச் சாப்பிட வைச்சிருக்கிறியள்?"

நான் அந்த வாக்குவாதத்தில் யார் பக்கமும் சேரவில்லை. ஆனால் அவர்கள் பேசப் பேச எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஐயாவின் முதல் இரண்டு சட்டங்களும் லித்தியத்தில் தலைகீழ். கடைசிச் சொட்டுவரை பிழிவதும் அதைக் கொல்லும். நிரப்பி றங்குப்பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் அதைக் கொல்லும். 4.2இல் நிற்கிற கலத்துக்குள் மின்பகுபொருள் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். தட்டையான பை தலையணைபோல ஊதுவது அதனால்தான். வெப்பம் சேர்ந்தால் இன்னும் விரைவு. லித்தியம் நீண்ட நாள் உயிரோடு இருக்க விரும்புவது நடுவில், கலத்துக்கு 3.8 வோல்ற்றுக்கு அண்மையில், ஏறக்குறைய பாதி வயிற்றோடு.

ஒவ்வொரு தலைமுறைப் பற்றரிக்கும் ஒவ்வொரு குணம் என்பதை ஊர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வாகனத்து ஈய அமிலப் பற்றரியை எப்போதும் நிரப்பித்தான் வைக்க வேண்டும். இறங்கிய நிலையில் விட்டால் தகட்டில் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். தடைக்காலத்தில் ஜெனரேற்றர் வைத்திருந்த கடைகளில் அதை ஏற்றிவந்து ரீவி பார்த்தவர்கள் நிரம்பியிருப்பதே ஆரோக்கியம் என்று பழகினார்கள். பிறகு 2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் கட்மியப் பற்றரிகளும் தாராளமாக வந்தன. அவற்றை இடையிடையே முழுதாய் இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும் என்றார்கள். கைபேசி லித்தியத்துக்கு மாறியபிறகும் கடைக்காரர் "முதல் தரம் எட்டு மணித்தியாலம் போடுங்கோ" என்று நிக்கலுக்குச் சொன்ன மந்திரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னமும் சிலர் சொல்கிறார்கள்.

விடுமுறை முடிந்து மருமகன் போகும்போது படகையும் பற்றரிகளையும் சார்ஜரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அடுத்த முறை வரும்வரை பராமரிப்பு என் பொறுப்பு. கனடாவிலோ ஐரோப்பாவிலோ கோடை முழுக்கப் படகு விடுகிறவர்களுக்கு ஓட்டம்தான் பெரிது, பற்றரியை எடுத்து வைக்கும் காலம் குறைவு. நீர்வேலியில் தலைகீழ். வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் தண்ணீர். மிச்சக் காலம் முழுக்கப் பற்றரி அலுமாரிக்குள். இங்கே அதன் ஆயுளைத் தீர்மானிப்பது சும்மா கிடக்கிற காலம்தான்.

அதனால் நான் செய்வது இது. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு அன்றைக்கே சார்ஜரில் சேமிப்பு என்ற தெரிவைப் போட்டு மூன்று கலத்தையும் 3.8க்குக் கொண்டுவருவேன். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று 3.9, ஒன்று 3.6 என்று பிரிந்தால் அடுத்த முறை நிரப்பும்போது உயர்ந்தது எல்லை தாண்டும், ஓடும்போது தாழ்ந்தது முதலில் சாகும். வெள்ளை நிறச் சிறு இணைப்பி வழியாகச் சார்ஜர் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே பார்த்துச் சமப்படுத்தும். அவசரம் என்று அந்த இணைப்பியைக் கொழுவாமல் ஏற்றுகிறவர்கள் உண்டு. அது கண்ணை மூடிக்கொண்டு வீதி கடக்கிற வேலை. பிறகு வைக்கிற இடம். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் எந்த வோல்ற்றில் வைத்தும் பிரயோசனமில்லை. எங்கள் வீட்டில் மிகக் குளிர்ச்சியான இடம் வடக்குப் பக்க அறையின் தரைமட்ட அலுமாரித் தட்டு. மண் நிரப்பிய பழைய சட்டிக்குள் வைத்து அங்கே விடுகிறேன். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீற்றரால் தொட்டுப் பார்ப்பேன். நல்ல பற்றரி அதற்குள் பெரிதாக இறங்காது. இறங்கினால் அதுவே ஒரு சேதி.

ஓடுகிற காலத்திலும் சில விஷயம் உண்டு. தரவையில் ஆம்பலும் பாசியும் அதிகம். ஒரு தண்டு புறொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டர் திணறும், மின்னோட்டம் பல மடங்காகும், பற்றரி கொதிக்கும். படகின் வேகம் குறைந்தது மாதிரி இருந்தால் விசையை இன்னும் அழுத்துவதுதான் கைக்கு வரும். உடனே விட்டுவிட்டுக் கரைக்குக் கொண்டுவருவதுதான் சரி. பெரிய புறொப்பெல்லர் மாட்டி வேகம் கூட்டப் பார்ப்பதும் பற்றரிக்குத்தான் அடி. விட்டம் சிறிது கூடினாலே இழுவை மிக அதிகமாகக் கூடிவிடும். மோட்டருக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் குழாயால் தண்ணீர் சுற்றிக் குளிரவைக்க வழி உண்டு. மூடி ஒட்டிய படகுக்குள் கிடக்கிற பற்றரிக்கு அது கிடையாது. வெளியே எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஏதோ பிழை. சூடு ஆறாமல் சார்ஜ் போடக் கூடாது, அவசரப்படாமல் 2.2 அம்பியரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மருமகன் 4.2வரை நிரப்பாமல் 4.1இல் நிறுத்துவான். பத்திலொரு பங்கு ஓட்டம் குறையும், ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பான். பற்றரிக்குக் காவல் இருப்பதுதான் ஐயாவுக்கு விளங்கவே இல்லை. அவர் காலத்துப் பற்றரி செய்யக்கூடிய உச்சக் குற்றம் கசிவதுதான்.

எனக்கும் படகு பிடித்துவிட்டது. வேகம் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போன அன்னபூரணியின் சாயலில் ஒரு சின்னப் படகைப் பலகையில் செய்தேன். பாய் அழகுக்கு, ஓடுவது மெதுவான மோட்டரில். அதற்கு யாழ்ப்பாணம் ரவுணில் மடிக்கணினி திருத்துகிற ஒருவரிடம் கழித்த பொதிகளை வாங்கினேன். ஆறு உருளைக் கலங்களில் ஒன்றிரண்டு செத்தாலே பொதி முழுதும் கழிவாகும். பிரித்துப் பார்த்தால் மிச்சம் நல்லதாய் இருக்கும். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். ஒவ்வொன்றாக அளந்து, 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தவற்றை ஒதுக்கி, மிச்சத்தில் ஒரே அளவு கொள்ளக்கூடியவற்றைச் சோடி சேர்த்தேன். இந்த வேலையில் ஐயா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒதுக்கிய கலங்களைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "உதுகளை வெயிலிலை வைச்சுப் பாப்பமே?" என்றார். வேண்டாம் என்று சொல்லி விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மடிக்கணினிக் கலம் வேகப்படகின் இழுவைக்குத் தாங்காது. மெல்லப் போகிற அன்னபூரணிக்கு அது போதும், ஒரு பின்னேரம் முழுக்க ஓடும்.

பிறகு 2022 வந்தது. பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. தென்னிலங்கை நண்பர்கள் கைபேசியில் புலம்பினார்கள். இங்கே வயதானவர்கள் வேறு முகத்தோடு இருந்தார்கள். ஐயா பரணில் இருந்து டைனமோவைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். நான் படகுப் பற்றரிகளை எடுத்து 12 வோல்ற் எல்ஈடி பட்டிக்குக் கொடுத்தேன். அறை வெளிச்சமானது. பாதி நிரம்பிய பற்றரி என்பதால் எதிர்பார்த்ததைவிட வெள்ளென இருண்டது.

"நான் அப்பவே சொன்னனான், நிரப்பி வைக்கச் சொல்லி."

"நிரப்பி வைச்சால் மூண்டு வருசத்திலை ஊதிப்போம் ஐயா."

"ஊதட்டும். நாங்கள் வேண்டுறது வெளிச்சத்துக்கோ, பற்றரியை நூறு வயசு வாழவைக்கவோ?"

இந்தக் கேள்விக்கு மருமகனின் எண்களில் விடை இல்லை. ஆயுள் கணக்குகள் எல்லாம், நாளைக்கு லைற் இருக்கும், சார்ஜர் வேலை செய்யும், வேண்டியபோது ஒரு மணித்தியாலத்தில் நிரப்பலாம் என்ற நம்பிக்கையின் மேல் போட்ட கணக்குகள். அந்த நம்பிக்கை இல்லாத வீட்டில் பாதிப் பற்றரி என்பது பாதி இருட்டு. ஐயா சொல்வது இரசாயனப்படி பிழை. ஆனால் அவர் இரசாயனத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மூன்றில் இரண்டு மருமகனுடையவை: 3.8இல், மண்சட்டிக்குள், அலுமாரித் தட்டில். ஒன்று ஐயாவுடையது. அது எப்போதும் நிரம்பியிருக்கும்; மாதம் ஒருமுறை நான் பார்த்து, இறங்கியிருந்தால் ஏற்றிக் கொடுக்க வேண்டும். தலைமாட்டில் வைக்கக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. விறாந்தையில் ஒரு மண்பானைக்குள் வைத்திருக்கிறார்.

போன மாரிக்கு முன் மூன்றையும் சார்ஜரில் போட்டு ஒப்பிட்டேன். மருமகனுடைய இரண்டிலும் உட்தடை கொஞ்சம்தான் கூடியிருந்தது, தரவையில் இன்னும் ஓடும். ஐயாவினுடையது அவற்றைப்போல மூன்று மடங்கு தடை காட்டியது. ஒரு பக்கம் லேசாக ஊதத் தொடங்கியிருந்தது. இனி அதைப் படகில் போட முடியாது, சார்ஜும் ஏற்றக் கூடாது, இறக்கிக் கழிக்க வேண்டும் என்று சொன்னேன். பேரன் வரும்போது புதிதாய் ஒன்று கொண்டுவரச் சொல் என்றார். அதையும் நிரப்பித்தான் வைப்பாராம்.